ஜெனரல் போட்ட கையெழுத்து

எங்கள் ஊர் செங்கம் ரோட்டில் நின்றுகொண்டு ஒரு கல்லை வீசினால் அது ஒரு சாமியார் மேல் விழும். இல்லையென்றால் ஒரு வெளிநாட்டுக்காரர் மேல் விழும். இரண்டும் ஒரே ஆளாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. வெள்ளைக்காரர்களைப் பார்த்து வாய் பிளந்த காலமெல்லாம் திருவண்ணாமலையில் மலையேறிவிட்டது. நாலு முழ வேட்டியும் ருத்ராட்சமுமாக ஓர் அமெரிக்கர் வந்து "அண்ணா, சக்கரை கம்மி" என்று சொன்னால், டீ மாஸ்டர் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.

சரி, அமெரிக்க பிரசிடென்ட் ஒருவர் வந்தால்? நிமிர்த்துவார் என்று நினைக்கிறேன்.

இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்க பிரசிடென்ட் யார் என்று ஆபீஸில் லஞ்ச் டயத்தில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கிளிண்டன் என்பார்கள். ரிடையராகப் போகும் சூப்பரின்டென்டென்ட் மட்டும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "ஐசனோவர்!" என்பார். பதவியில் இருக்கும்போதே வந்த முதல் ஆள் அவர்தான், 1959 டிசம்பரில். ஆனால் அதற்கும் எண்பது வருஷம் முன்னால், 1879 பிப்ரவரி 13-ஆம் தேதி, ஒரு மாஜி பிரசிடென்ட் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கினார். யுலிசிஸ் கிராண்ட். அமெரிக்காவின் 18-வது பிரசிடென்ட். ஐம்பது டாலர் நோட்டில் தாடியோடு முறைத்துக்கொண்டிருப்பாரே, அவரேதான்.

சரித்திரப் பாடம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் பி.காம். எனக்கு யுத்தம், சமாதானம் எல்லாம் இரண்டாம் பட்சம். இந்த மனுஷரின் பேலன்ஸ் ஷீட்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

*

1822-ல் ஒஹையோவில், தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தார். ராணுவக் கல்லூரியில் படித்தார். மெக்சிகோ யுத்தத்துக்குப் போனார். 1854-ல் வேலையை விட்டார். பிறகு ஏழு வருஷம் தொட்டது எதுவும் துலங்கவில்லை. விவசாயம் நொடித்தது. செயின்ட் லூயிஸ் நகரத் தெருமுனையில் விறகு விற்றார். நம்மூரில் சிவபெருமானே விறகு விற்றிருக்கிறார், அதில் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அவர் பாணபத்திரருக்காக விற்றார். இவர் பெண்டாட்டி பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக விற்றார். 1857 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் சேட்டுக் கடை வாசலில் நின்றிருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

1860-ல் கடைசி வழியாக அப்பாவின் தோல் கடையில் குமாஸ்தா. வயது 38.

அடுத்த வருஷம் உள்நாட்டு யுத்தம் வந்தது. நாலே வருஷத்தில் அந்தக் குமாஸ்தா அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதி. 1865 ஏப்ரல் 9-ல் எதிர்த்தரப்பு ஜெனரல் லீ வந்து சரணடைந்தது இவரிடம்தான். 1869-லிருந்து 1877 வரை இரண்டு தடவை பிரசிடென்ட்.

அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. போன வழியில் திரும்பி வர மாட்டார். பாதை தவறிவிட்டால்கூட, நேராகவே போய், சுற்றிக்கொண்டு வேறு வழியில் ஊர் வந்து சேருவார். அவரே எழுதி வைத்திருக்கிறார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். கிரிவலத்தில் எமலிங்கம் வரை போய்விட்டு "கால் வலிக்குது" என்று யாரும் வந்த வழியே திரும்புவதில்லை. 14 கிலோமீட்டரும் நடந்து, புறப்பட்ட இடத்துக்கு மறுபக்கமாக வந்து சேர்வதுதான் முறை.

பதவி முடிந்ததும் ஜெனரல் செய்தது அதைத்தான். மலைக்குப் பதில் பூமி! 1877 மே 17-ல் பிலடெல்பியாவில் கிழக்குப் பார்த்துக் கப்பல் ஏறினார். மனைவி ஜூலியாவும் கூட. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியோடு விருந்து. ஜெர்மனியில் பிஸ்மார்க்கோடு சுருட்டு. எகிப்தில் நைல் நதிப் படகு. போன ஊரிலெல்லாம் பேண்டு வாத்தியம். பாவம், மனுஷருக்கு சங்கீத ஞானம் சுத்தமாகக் கிடையாது. எந்தப் பாட்டைப் போட்டாலும் அவர் காதுக்கு ஒரே சத்தம்தான்!

*

பம்பாயில் கவர்னர் மாளிகையில் தங்கினார். அங்கிருந்து ரயிலில் ஆக்ரா. தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு ஜூலியா அம்மாள், இதை உலகத்திலேயே அழகான கட்டடம் என்று சொல்கிறவர்கள் வாஷிங்டனில் எங்கள் காப்பிடல் கட்டடத்தைப் பார்க்காதவர்களாக இருக்கும் என்ற ரீதியில் எழுதி வைத்தார். (கும்பகோணத்துக்காரர் ஒருவர் பாரிசில் காபி குடித்துவிட்டுச் சொல்வது போல.) ஜெய்ப்பூரில் மகாராஜா ராம்சிங்கோடு பில்லியர்ட்ஸ் ஆடினார். யானைகள் வந்தன. பிறகு டெல்லி, லக்னோ, காசி. கல்கத்தாவில் வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் விருந்து. மார்ச்சில் பர்மாவுக்குக் கப்பல்.

நம் பக்கம் வரவேயில்லை. ஆனால் அவருக்கு பம்பாயில் விருந்து வைத்த கவர்னர் வந்திருந்தார். அவர் பெயர் சர் ரிச்சர்ட் டெம்பிள்.

தாது வருஷப் பஞ்சம் என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876-லிருந்து 78 வரை மதராஸ் மாகாணத்தின் உள் ஜில்லாக்களில் லட்சக்கணக்கான ஜனங்களைக் கொண்டுபோன பஞ்சம். 1877 ஜனவரி முதல் தேதி, ஜனங்கள் இங்கே செத்துக்கொண்டிருக்க, லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவுக்கு இந்தியாவின் சக்கரவர்த்தினி பட்டம் கட்டினார். அதே மாதம் பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த மதராஸுக்கு டெம்பிளை அனுப்பினார். டெம்பிள் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்து, நாள் முழுக்கக் கல் உடைத்து மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. "இது போதாது, செத்துப்போவார்கள்" என்று மதராஸின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் மல்லுக்கு நின்றார்.

இரண்டே வருஷம் கழித்து, அதே டெம்பிள் பம்பாயில் விருந்து கொடுக்கிறார், அதே லிட்டன் கல்கத்தாவில் விருந்து கொடுக்கிறார். ஜெனரல் யானை பார்த்தார், மாளிகை பார்த்தார், ரயில் பார்த்தார். பிரிட்டிஷ்காரர்கள் இங்கே இருப்பதுதான் இந்த நாட்டுக்கு நல்லது என்ற அபிப்பிராயத்தோடு கப்பல் ஏறினார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. பி.காம் முதல் வருஷத்திலேயே சொல்லித்தருவார்கள்: லெட்ஜருக்கு இரண்டு பக்கம். விருந்தாளிக்குக் காட்டுவது சொத்துப் பக்கம். கடன் பக்கம் வேண்டுமென்றால் நாமாகத்தான் கேட்க வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் எல்லோரும் புதுப் புடவையில்தானே இருக்கிறார்கள்!

கேட்டுப் பார்த்த இடமும் உண்டு. எகிப்தில் மன்னர் இஸ்மாயில், ஐரோப்பிய வங்கிகளில் பத்துக் கோடி பவுண்டை ஒட்டிக் கடன் வாங்கி மாளிகையும் கால்வாயுமாகக் கட்டியவர். ஜெனரலுக்கு ஒரு மாளிகையையே தங்கக் கொடுத்தார். அடுத்த வருஷம், 1879 ஜூனில், கடன் கொடுத்த நாடுகள் சேர்ந்து அந்த மன்னரையே நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டன. அப்போது ஜெனரல் ஜப்பானுக்குப் போயிருந்தார். ஆகஸ்டில் சக்கரவர்த்தி மெய்ஜியோடு தனியாக உட்கார்ந்து பேசும்போது, மற்ற எதைவிடவும் வெளிநாட்டுக் கடனுக்கு பயப்படுங்கள், கொடுப்பவன் உங்களை அடக்கி வைக்கத்தான் கொடுக்கிறான் என்று எகிப்தை உதாரணம் காட்டி எச்சரித்தார். எத்தனை அருமையான புத்திமதி! எந்த ஃபைனான்ஸ் மினிஸ்டரும் ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 20-ல் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார். இரண்டு வருஷம் நாலு மாதம். போன வழியில் திரும்பவேயில்லை. உலக கிரிவலம் பூர்த்தி.

*

இனிமேல்தான் கதை.

1880-ல் மூன்றாவது தடவை பிரசிடென்ட் ஆகப் பார்த்தார். கட்சி மாநாட்டில் 36 சுற்று ஓட்டெடுப்பு நடந்து, கடைசியில் கார்ஃபீல்டு என்பவருக்கு டிக்கெட் போய்விட்டது. அந்தக் காலத்தில் மாஜி பிரசிடென்ட்டுக்கு பென்ஷன் கிடையாது. (அது 1958-ல்தான் வந்தது.) நியூயார்க்கில் வீடு, பெரிய மனிதர்களின் சகவாசம், செலவு. வரவு?

பையன் பக் ஒரு கூட்டாளியைப் பிடித்து வந்தான். பெர்டினாண்ட் வார்டு. முப்பது வயது. பாதிரியார் மகன். வால் ஸ்ட்ரீட்டில் அவனுக்குக் குட்டி நெப்போலியன் என்று பட்டம். கம்பெனிக்கு 'கிராண்ட் அண்டு வார்டு' என்று பெயர் வைத்தார்கள். கவனியுங்கள், பெயரில் முதலில் இருப்பது யார்! ஆனால் செக் புக், லெட்ஜர், பெட்டிச் சாவி மூன்றும் வார்டு கையில். அப்பாவும் பிள்ளையும் கையில் இருந்ததையெல்லாம் போட்டார்கள். லாபம் கொட்டியது. போட்டவர்களுக்கெல்லாம் கேட்டிராத வட்டி.

லாபம் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. இன்றைக்குப் போட்டவன் பணத்தை எடுத்து நேற்றுப் போட்டவனுக்கு லாபமாகக் கொடுத்தான். அதோடு, கம்பெனியிடம் இருந்த ஒரே பங்குப் பத்திரத்தை நாலு பாங்கில் காட்டி நாலு தடவை கடன் வாங்கினான். நகையாக இருந்தால் ஒரு சேட்டுக் கடையில்தான் அடகு வைக்க முடியும். காகிதத்துக்குத்தான் அந்த மகிமை! கவர்ன்மென்ட் கான்டிராக்ட் பக்கமே போகக்கூடாது என்று ஜெனரல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வார்டு, "ஜெனரல் இருக்கிறாரில்லையா, கவர்ன்மென்ட் கான்டிராக்டில் கொழுத்த லாபம்" என்று பணக்காரர்களின் காதில் ஊதினான்.

ஜெனரல் என்ன செய்தார்? தினம் ஆபீஸ் வருவார். சுருட்டுப் பற்ற வைப்பார். வார்டு கடிதங்களை நீட்டுவான். கையெழுத்துப் போடுவார். படிக்க மாட்டார்.

பிரசிடென்ட்டாக இருந்தபோதே அவருக்கு இந்த வியாதி உண்டு. 1875-ல் சாராய வரி ஏய்ப்பு ஊழலில் அவருடைய அந்தரங்கச் செயலாளரே மாட்டியபோது, "அவன் நல்லவன்" என்று சாட்சி சொன்னவர். ஒருத்தனை நம்பிவிட்டால் வந்த வழியே திரும்ப மாட்டார்.

1884 மே 4, ஞாயிற்றுக்கிழமை. வார்டு வீட்டுக்கு ஓடி வந்தான். நம் பாங்குக்கு அவசர முடை, நாளைக்கு ஒண்ணரை லட்சம் டாலர் இல்லையென்றால் எல்லாம் போச்சு. ஜெனரல் நேராக கோடீஸ்வரர் வாண்டர்பில்ட் வீட்டுக்குப் போனார். வாண்டர்பில்ட், பாங்கையும் நம்பவில்லை, வார்டையும் நம்பவில்லை. உங்களுக்காகத் தருகிறேன் என்று செக் எழுதினார். ஒண்ணரை லட்சம் டாலர், கிராண்ட் என்ற ஒரு பெயரை நம்பி! வார்டு அதையும் வாங்கிக்கொண்டு போனான். செவ்வாய்க்கிழமை கம்பெனி மூடப்பட்டது.

கணக்கைத் திறந்தார்கள். கடன்: ஒரு கோடியே அறுபது லட்சம் டாலருக்கு மேல். சொத்து: 67 ஆயிரம் டாலர் சொச்சம். ஜெனரல் பாக்கெட்டில் 80 டாலர், ஜூலியா கையில் 130.

சக்கரவர்த்திக்கே கடனைப் பற்றி வகுப்பெடுத்து அஞ்சு வருஷம்கூட ஆகவில்லை. "ஊருக்குத்தான் உபதேசம்" என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

*

இதையெல்லாம் ஏன் இப்போது தோண்டினேன் என்றால், காரணம் என் நண்பன். கவர்ன்மென்ட் ஆபீஸ் ஒன்றில் ஜூனியர் அசிஸ்டென்ட். போன மாதம் போளூர் ரோடு டீக்கடையில் பிடித்துக்கொண்டான்.

"லட்சம் போட்டா மாசம் பத்தாயிரம், மச்சான். எட்டு மாசமா டாண்ணு வருது."

"எங்கேடா முதலீடு பண்றாங்க?"

"அது அவங்க தலைவலி. நமக்கு வட்டி வந்தா சரி. ஆளைச் சேர்த்துவிட்டா கமிஷன் வேற. எங்க ஆபீஸ்ல பத்து பேர்கிட்ட பேசி வெச்சிருக்கேன். அட்டெண்டர் அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்கு வெச்ச பணத்தைப் போடறேன்னுட்டாரு."

மேலே உள்ள கதையை முழுக்கச் சொன்னேன். டீ ஆறும்வரை கேட்டுவிட்டுச் சிரித்தான். "அவர் அமெரிக்கா பிரசிடென்ட் மச்சான். நான் ஜூனியர் அசிஸ்டென்ட்."

"அட்டெண்டர் அண்ணனுக்கு அந்தக் கம்பெனிக்காரனைத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப யாரை நம்பிப் போடறாரு?"

பதில் இல்லை. அந்தப் பத்துப் பேருக்கு அவன்தானே பிரசிடென்ட்!

நம் சட்டங்கள் இந்த விஷயத்தில் தூங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1932-ஆம் வருஷத்துப் பார்ட்னர்ஷிப் சட்டப்படி, கம்பெனி கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் தனியாகவும் பொறுப்பு, கூட்டாகவும் பொறுப்பு. "நான் சும்மா பேருக்குத்தான் சார் இருந்தேன்" என்ற வாதம் கோர்ட் வாசப்படி ஏறாது. ஆள் சேர்த்தால் காசு என்கிற சுழல் திட்டங்களுக்கு 1978-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்த பிறகு, 1997-ல் டெபாசிட்தாரர்களுக்கென்றே நம் மாநிலம் தனிச் சட்டம் போட்டது. 2019-ல் மத்திய சர்க்காரும் ஒன்று போட்டது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் சட்டம், ஷட்டர் இறங்கின பிறகு வந்து சீல் வைக்கும். முன்னாலேயே "எங்கே முதலீடு பண்றீங்க?" என்று கேட்க வேண்டிய வாய் நம்முடையது.

நண்பன் மறுநாளே போய், "நான் போட்ட அசலைத் திருப்பிக் கொடுங்க" என்று கேட்டிருக்கிறான். அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அட்டெண்டர் பணம் இன்னும் பாங்கில்தான் இருக்கிறது. அது வரைக்கும் சந்தோஷம்.

*

ஜெனரல் கதை அங்கே முடியவில்லை.

வாண்டர்பில்டுக்கு வீடு, நிலம், யுத்த வாட்கள், மெடல்கள், உலகம் சுற்றியபோது ராஜாக்கள் கொடுத்த பரிசுகள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். முன்பின் தெரியாத ஒருத்தர் செக் அனுப்பி, 1865-க்கு முன் நீங்கள் செய்ததற்கு என் பங்கு என்று எழுதியிருந்தார். அந்த வருஷக் கோடையில் ஒரு பீச் பழத்தைக் கடித்தபோது தொண்டை எரிந்தது. அக்டோபரில் டாக்டர்கள் சொன்னது, புற்றுநோய். யுத்த காலத்தில் ஜெனரலுக்கு சுருட்டுப் பிடிக்கும் என்று பேப்பரில் வந்து, ஜனங்கள் ஆயிரக்கணக்கில் சுருட்டு அனுப்பி வைத்தார்கள். அந்தப் பாசத்துக்கு வட்டி.

ஒரு பத்திரிகைக் கம்பெனி, யுத்த நினைவுகளைப் புத்தகமாக எழுதினால் பத்து சதவீத ராயல்டி என்றது. கையெழுத்துப் போடப் போகிற நேரத்தில் மார்க் ட்வைன் வந்து தடுத்தார். ஆமாம், டாம் சாயர் எழுதியவரேதான். நிகர லாபத்தில் எழுபது சதவீதம் தருகிறேன், என் கம்பெனிக்குக் கொடுங்கள் என்றார். ஜெனரல் இந்தத் தடவை அவசரப்படவில்லை. யோசித்தார், விசாரித்தார், மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டுதான் சம்மதித்தார்.

தண்ணீர் விழுங்கினால் நெருப்பு. குரல் போய்விட்டது. துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டித்தான் பேச்சு. கழுத்தில் துணி, மடியில் நோட்டு. சொல்லச் சொல்ல எழுத ஆள் வைத்து, அது முடியாமல் போனதும் தன் கையாலேயே எழுதி, ப்ரூஃப் திருத்தி... ஒரு வருஷத்துக்குள் 1,200 பக்கங்களுக்கு மேல். 1885 ஜூலை மத்தியில் வேலையை முடித்தார். ஜூலை 23-ல் இறந்தார். வயது 63.

பழைய சிப்பாய்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி அந்தப் புத்தகத்தை விற்றார்கள். மூன்று லட்சம் செட். ஜூலியாவுக்கு வந்த முதல் செக் மட்டும் இரண்டு லட்சம் டாலர். மொத்தம் நாலு லட்சத்துக்கு மேல். இதில் வேடிக்கை, அந்தப் புத்தகத்தில் உலகப் பயணத்தைப் பற்றி ஒரு அத்தியாயம்கூடக் கிடையாது. யானை, மகாராஜா, சக்கரவர்த்தி எதுவும் இல்லை. அது 1865-ல், யுத்தம் முடிந்ததோடு முடிகிறது. பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்றியது தானே இறங்கிச் செய்த வேலையின் கணக்கு.

வார்டு சிங் சிங் ஜெயிலுக்குப் போனான். மார்க் ட்வைன்? ஊருக்கெல்லாம் கணக்கு சொன்ன அவருடைய கம்பெனியே 1894-ல் திவால்! கடனை அடைக்க அவரும் உலகம் சுற்றி லெக்சர் கொடுத்தார். 1896-ல் இந்தியா வந்தவர் கல்கத்தாவிலிருந்து இலங்கை போகிற வழியில் மதராஸில் ஒரு நாள் தங்கினார். ஜெனரல் வராத நம் பக்கத்துக்கு, அவருடைய பதிப்பாளராவது வந்து போனார். 1898-க்குள் கடைசிப் பைசா வரை கடனை அடைத்தும் விட்டார். எல்லோருக்கும் அப்படி ஒரு பேனா வாய்ப்பதில்லை. நமக்கெல்லாம் இருப்பது ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் கட்டிவைத்த பேனாதான்.

அதனால், அடுத்த தடவை யாராவது "சும்மா ஒரு கையெழுத்துதான் சார், ஃபார்மாலிட்டி" என்று காகிதத்தை மடித்து, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும்படி நீட்டினால், "கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன், கொடுங்கள், எடுத்துப்போய்ப் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். கண்ணாடியே போடாதவராக இருந்தாலும் பரவாயில்லை.